சாயக் கயிறு

ஏதென்ஸ் நகரத்துச் சந்தையில் மீன் கூடை சுமந்த கழுதை ஒன்று நின்றிருந்தது. அதன் எதிரே இரண்டு அடிமைகள் ஒரு நீளக் கயிற்றைச் சிவப்புச் சாயத்தில் முக்கி எடுத்தார்கள்.

"யாரைக் கட்டப் போறாங்க, என்னையா?" என்று பயத்தோடு கேட்டது கழுதை.

"ச்சீ, நான் கழுதை கட்டுற கயிறு இல்லை," என்றது கயிறு. "இது ஜனநாயக நாடு. இன்னிக்கு மக்கள் சபை கூடுது. குடிமக்கள் ஒருத்தரும் மீன்கடையை விட்டு நகர மாட்டேங்கிறாங்க. வளைச்சு ஓட்டிக்கிட்டுப் போகணும். பின்தங்கினவன் முதுகில என் சாயம் ஒட்டிக்கும். அபராதம்தான்."

"உன்னைப் பிடிச்சிருக்கிற ரெண்டு பேருக்கும் அங்க ஓட்டு உண்டா?"

"அடிமைக்கு எதுக்குய்யா ஓட்டு?"

அடிமைகள் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக் கூட்டத்தை நெருக்கிக்கொண்டு வந்தார்கள். விலாங்கு மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்த ஹெர்மோன் என்ற பெரிய மனிதர், "டேய், மேல படாம பிடிடா, புது அங்கி!" என்று கத்தியபடி ஓடினார். பட்டுவிட்டது.

மதியம் சபை கலைந்தது. கயிறு களைத்துப்போய்க் கழுதையின் பக்கத்தில் வந்து விழுந்தது.

"என்ன தீர்மானம்?"

"அடிமைகளுக்கு என்னைக்கும் ஓட்டு கிடையாதாம். யாராவது பின்னாடி நின்னு விரட்டினாத்தான் அவங்க ஒரு வேலைக்கு வருவாங்களாம். எல்லாரும் கை தூக்கினாங்க."

"கொண்டுவந்தது யாரு?"

"அதோ போறாரே, ஹெர்மோன்."

கழுதை பார்த்தது. ஹெர்மோன் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். முதுகில் சாயம் இன்னும் காயவில்லை.