ஒரு நிமிஷம் பின்னால்

"திருட்டு லிங்க்கா?"

அக்காக்காரி ஒரு செருப்பைத்தான் கழற்றியிருந்தாள். அதற்குள் கேட்டுவிட்டாள். ரயிலில் டிக்கெட் பரிசோதகர் வேலை. டிக்கெட் இல்லாதவனை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுகிற கண்.

டிவியில் குத்துச்சண்டை மேடை கட்டம் கட்டமாக உடைந்து தெரிந்தது. ஓரத்தில் சீட்டாட்ட விளம்பரம் ஒன்று துள்ளிக்கொண்டிருந்தது. மேடையில் நின்றவன் அவளுடைய தம்பி.

"ஆமா அண்ணி. உக்காருங்க, மூணாவது ரவுண்டு" என்றாள் தம்பி மனைவி, கொஞ்சமும் கூசாமல்.

"உன் புருஷன் அங்க மூக்கு வீங்கி நிக்கிறான். காசு கட்டிப் பாக்குறவங்க எத்தனை பேரோ, அதைப் பொறுத்துத்தான் அவனுக்குப் பங்கு. யாரோ திருடிப் பாத்தா போகட்டும். நீயே திருடினா?"

"மெதுவா பேசுங்க. அத்தை பாக்குறாங்க."

அம்மா சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். இதய ஆபரேஷனுக்குப் பிறகு அவளை மாடிப்படிகூட ஏற விடுவதில்லை. அதிர்ச்சி கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மகனுடைய சண்டையைப் பார்க்க வேண்டாம் என்றும் சொல்லிப் பார்த்தார்கள். பார்க்காத அன்றைக்குத்தான் இன்னும் மூச்சு வாங்கியது.

"நானே கட்டுறேன். ஒழுங்கான சேனலைப் போடு."

"வேண்டாம் அண்ணி. அத்தைக்கு இதுவே போதும்."

அத்தைக்கு இதுவே போதுமாம். அக்காவுக்குச் சுருக்கென்றது.

"எங்கம்மான்னா மட்டும் மட்டமான சரக்கு, இல்ல?"

"உங்க வீட்டுல சீரியல் பாக்குறது யாரோட பாஸ்வேர்டு அண்ணி?"

"அது என் ஓரகத்தியோடது. சொந்தத்துக்குள்ள திருட்டு ஏது?"

அம்மா சிரித்துவிட்டாள். தம்பி மனைவி சிரிக்கவில்லை. "அடுப்புல பால் வெச்சிருக்கேன்" என்று சமையலறைக்குள் போனவள், போனவள்தான். நாலாவது ரவுண்டு முடிந்தது. ஐந்தாவதும் முடிந்தது. தாலி கட்டினவன் அடி வாங்குகிறான், இவள் பால் காய்ச்சுகிறாளாம். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஆறாவது ரவுண்டில் தம்பி கயிற்றோரமாகப் போய் ஒண்டினான். எதிராளி தோளைச் சாய்த்துக்கொண்டு நெருங்கினான்.

படம் நின்றது. நடுவில் ஒரு சின்ன வளையம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"பாத்தியாம்மா? ஓசியில ஏறினா இப்படித்தான். நடுவழியில இறக்கி விட்டுடுவாங்க."

அம்மா சோபாவின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு கண்ணை மூடிச் சாய்ந்தாள். பாவம், அலுத்துப்போயிருப்பாள்.

இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவதென்று அக்கா எழுந்தாள்.

சமையலறையில் அடுப்பு எரியவே இல்லை. பாலும் இல்லை. அலமாரியில் வைஃபை பெட்டி விளக்கணைந்து கிடந்தது. சுவரிலிருந்து பிடுங்கிய அதன் ப்ளக் தம்பி மனைவியின் இடது கையில் இருந்தது. வலது கையில் போன். அதில் சிம் டேட்டாவில் படம் கண்ணாடி மாதிரி தெளிவாக ஓடியது.

போனில் தம்பி தரையில் கிடந்தான். நடுவர் அவன் முகத்துக்கு நேரே விரல்களை ஒவ்வொன்றாக விரித்தார்.

இரண்டு பெண்களும் போன்மேல் குனிந்தார்கள்.

தம்பி ஒரு முழங்காலை ஊன்றினான். கையுறையால் தரையை ஒரு தள்ளு தள்ளினான். எழுந்துவிட்டான்.

"இது... காசு கட்டினதா?" அக்கா கேட்டாள்.

"ஒவ்வொரு சண்டைக்கும் கட்டுறேன் அண்ணி. இதுல நடக்குறது உடனே தெரிஞ்சுடும். திருட்டு லிங்க் ஒரு நிமிஷம் பின்னாடிதான் வரும். எனக்கு அந்த ஒரு நிமிஷம் வேணும். இவர் விழுந்தா, அங்க அத்தை பாக்குறதுக்குள்ள பிடுங்கிடலாம்."

"சரி, எழுந்துட்டானே. மாட்டு."

"இருங்க. விழுந்ததையே திருப்பித் திருப்பி மெதுவா ஓட்டிக் காட்டுவாங்க. அதுவும் போகட்டும்."

டிக்கெட் வாங்கினவள் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். கையிலிருந்த ப்ளக்கையும் போனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கொடு இங்க. நீ படத்தைப் பாரு. சொல்லும்போது நான் மாட்டுறேன்."

தம்பி மனைவி கொஞ்ச நேரம் கழித்துத் தலையசைத்தாள். அக்கா மாட்டிவிட்டுக் கூடத்துக்கு வந்தாள்.

டிவியில் படம் திரும்ப வந்தபோது, உடைந்த கட்டங்களுக்குள் தம்பி எதிராளியை மேடையின் மூலைக்கு விரட்டிக்கொண்டிருந்தான். அம்மா கண்ணைத் திறந்தாள்.

"நல்லாத்தான் ஆடுறான்மா" என்றாள் அக்கா. குரலில் ஒரு பிசிறுகூட இல்லை. "இடையில ஒண்ணுமே நடக்கல."

அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். சமையலறைப் பக்கம் ஒரு பார்வை. பிறகு காதோரம் சொன்னாள்.

"எனக்குத் தெரியும்டி. படம் போனா அவன் விழுந்திருக்கான். வந்துடுச்சுன்னா எழுந்துட்டான். மருமககிட்ட மட்டும் சொல்லிடாத. எனக்குத் தெரியலைங்கிற தைரியத்துலதான் அவ அங்க நின்னு பாக்குறா."