தங்கை கன்னத்தில் ஒரு தழும்பு

“அவ கன்னத்துல நாலு அம்மைத் தழும்பு போடும், லாசரோ. முன்பல்லு ரெண்டு இல்லாம வரைஞ்சாலும் எனக்குச் சம்மதம்தான்.”

லாசரோவின் கையில் தூரிகை அப்படியே நின்றது. ஸ்பெயினின் மத்ரீத் அரண்மனையில், தன்னை அழகாகக் காட்டச் சொல்லி அவரை அரித்தெடுத்தவர்கள் நிறையப் பேர். கூடப் பிறந்தவளை அசிங்கமாகக் காட்டச் சொல்லி இன்றுதான் ஒருத்தி கேட்கிறாள்.

“சின்ன இளவரசிக்கு ஒரு தழும்பும் கிடையாதே, அம்மணி.”

“அது எனக்குத் தெரியாதா? இல்லாததுனாலதானே உம்மைப் போடச் சொல்றேன்!”

மூத்தவள் வியோலாந்தே பல்லைக் கடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள். கணப்புப் பக்கத்தில் செவிலி பிரியாந்தா சாக்லேட் கோப்பையும் கையுமாகக் கண்ணயர்ந்திருந்தாள். கண்தான் தூங்கும், அவள் காது தூங்காது.

படம் எதற்கு என்பது ஊருக்கே தெரிந்த கதை. மலைக்கு அப்பாலிருந்து ஒரு கோமகன் பெண் கேட்டிருந்தார். அக்கா தங்கை இருவரையும் ஒரே கான்வாஸில் வரைந்து அனுப்பினால், பார்த்துவிட்டுப் பிடித்தவளைச் சொல்வாராம்.

கோமகி ஆவதற்கு இவளுக்கு இப்படி ஒரு பேயாசையா? லாசரோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சின்னவள் மென்சியாவோ ஒன்றும் காதில் விழாமல், தக்கையடி வைத்த உயரச் செருப்பில் தள்ளாடிக்கொண்டு நின்றாள். பெரிய பெண்கள் போடும் செருப்பு. வயது பத்துதான். ஆனால் அந்தச் செருப்பில் ஏற்றிவிட்டால் பெண் கல்யாணத்துக்குத் தயார் என்று அங்கே அர்த்தம்.

“லாசரோ, பாரேன்! அக்கா தோளுக்கு வந்துட்டேன். மாப்பிள்ளைக்கு நான் எட்டுவேனா?” என்று கழுத்தில் கிடந்த லாக்கெட்டைத் தூக்கிக் காட்டினாள்.

கோமகனின் தூதர் கொண்டுவந்த லாக்கெட் அது. உள்ளே சுருள்முடியும் அரும்பு மீசையுமாக ஒரு வாலிபன். கழுத்தைச் சுற்றித் தாம்பாளம் மாதிரி மடிப்பு மடிப்பாக ஒரு பட்டை.

“எட்டுவீங்க, எட்டுவீங்க. ஆனா கழுத்துப்பட்டையைப் பாருங்க, எங்க அப்பா காலத்துது. மலைநாட்டுக்காரங்களுக்கு என்னைக்குத்தான் உடுத்தத் தெரிஞ்சிருக்கு!”

மென்சியா சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை.

“சரி, தழும்பு வேண்டாம். அந்தச் செருப்பைக் கழற்றச் சொல்லும். விசிறியைப் பிடுங்கிட்டு அவ பொம்மையைக் கையில குடும்.”

“செருப்பும் விசிறியும் தூதர் சொன்னது, அம்மணி.”

“வரையிறது தூதரா, நீரா?”

“நான்தான். இருக்கிறதை இருக்கிறபடி வரையிறவன்.”

“பெரிய சத்தியவான்! விருந்துல முடி வெட்டுறவங்க வரிசையிலதானே உமக்கும் இடம் போடுறாங்க? அவங்களாவது சொன்னபடி வெட்டுறாங்க!”

லாசரோவின் காது மடல் சிவந்தது. அந்த வரிசையை மாற்றச் சொல்லி அவர் எத்தனையோ மனுக் கொடுத்து ஓய்ந்திருந்தார்.

அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் பழுப்பு வண்ணத்தில் விரலைத் தோய்த்து, படத்தில் தங்கையின் கன்னத்தில் அழுத்தி ஒரு தீற்று தீற்றிவிட்டாள்.

“ஐயோ, அக்கா என் மூஞ்சியைக் கெடுத்துட்டா!” மென்சியா ஓவென்று அழுதாள்.

பிரியாந்தா துள்ளி எழுந்தாள். “பொறாமை! சின்னது லட்சணமா இருந்தா உனக்கு ஏன்டி வயிறு எரியுது? நட வெளியே!”

கையைப் பிடித்து இழுத்துப் போகும்போது வியோலாந்தே கதவைப் பற்றிக்கொண்டு திரும்பினாள். “லாசரோ, பார்க்கிறவன் கண்ணு என் மேலதான் நிக்கணும். உம்ம கால்ல வேணும்னாலும் விழுறேன்.”

“கால்ல விழுற மூஞ்சியைப் பாரு” என்று முணுமுணுத்தபடி லாசரோ கந்தலை எடுத்து அந்தக் கறையைத் துடைத்தார். முடி வெட்டுகிறவனா நான்? இருடி, காட்டுகிறேன்.

இருக்கிறதை இருக்கிறபடி வரைகிறவர், அதற்குப் பிறகு இல்லாததையெல்லாம் வரைந்தார். மென்சியாவின் கழுத்தை நீட்டினார், இடையை இறுக்கினார். பால்மணம் மாறாத கண்ணில் ஒரு பெரிய பெண்ணின் பார்வையை ஏற்றினார். மூத்தவளைப் பின்னால் தள்ளி, சீக்குக்காரி போல ஒரு மஞ்சளைப் பூசி, நிழலில் நிறுத்தினார்.

வசந்தத்தில் பதில் வந்தது. கோமகனுக்குச் சின்னவளைத்தான் பிடித்திருந்தது. தூதர் லாசரோவின் கழுத்தில் ஒரு தங்கச் சங்கிலியைப் போட்டுவிட்டுப் போனார்.

சங்கிலி பளபளக்க அவர் நேரே இளவரசிகளின் கூடத்துக்குத்தான் நடந்தார். அங்கே வியோலாந்தே தங்கையின் பயணப் பெட்டிக்கு முன்னால் முழங்காலிட்டு, பொம்மைகளை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“சின்னவங்களுக்கு நல்ல யோகம், அம்மணி. லாக்கெட்ல பார்த்தோமே, ராஜகுமாரன் மாதிரி மாப்பிள்ளை!”

அவள் சண்டைக்கு வருவாள் என்று காத்திருந்தார். அவள் நிமிரக்கூட இல்லை.

“நீர் சித்திரக்காரர்தானே? அந்தக் கழுத்துப்பட்டையைப் போடுறதை எப்போ விட்டாங்க, சொல்லும்.”

“அதுவா? நான் தூரிகை பிடிக்கிறதுக்கு முன்னாடியே...” என்று ஆரம்பித்தவர் அந்த லாக்கெட் படம் வரைந்த வருஷத்தை மனசுக்குள் கணக்குப் போட்டார். கழுத்துச் சங்கிலி திடீரென்று கனத்தது.

“மூணு பொண்டாட்டிங்களைப் புதைச்சுட்டான், லாசரோ.” கையிலிருந்த பொம்மையை அவள் அவர் மார்பில் விட்டெறிந்தாள்.

“அந்தக் கிழவனுக்கு நான் போறேன்னுதான்யா உம்மைக் கெஞ்சினேன்!”