லயத்து வாசலில் அடித்த முளைகள்

பதுளை மலைச்சரிவில் காலை வெயில் சாய்ந்து விழுகிறது. தேயிலை ஆலைக்குப் புது எஞ்சின் கொட்டகை கட்ட, தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலையொட்டி முளை அடித்துக்கொண்டு வருகிறார்கள். அடுத்த முளைக்கான இடத்தில் வீராயி கைக்குழந்தையோடு சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறாள். பழைய எஞ்சின் புகையிலேயே பிள்ளை இருமி இருமிக் களைத்திருக்கிறது. "எந்திரி தாயி, தொரை வர்றாரு," என்று கங்காணி கெஞ்சுகிறார். "வரட்டுங்க. அவரு பங்களா வாசல்ல இத வப்பாரான்னு கேக்கணும்." மலைக்குப் போக வேண்டிய பெண்கள் கொழுந்துக் கூடைகளை இறக்கிவிட்டு ஒவ்வொருவராக அவள் பக்கத்தில் அமர்கிறார்கள். கூடைகள் உரசும் சத்தம் மட்டும் கேட்கிறது. குதிரையிலிருந்து இறங்கிய துரை, கொழுந்து முற்றி நிற்கும் மலையைப் பார்க்கிறார், பெண்களைப் பார்க்கிறார். பிறகு பிரம்பை நீட்டி, ஆற்றுக்கு அப்பாலிருக்கும் தரிசைக் கங்காணிக்குக் காட்டுகிறார். பெண்கள் எழுகிறார்கள். வீராயி மட்டும் எழவில்லை. "அடிச்ச மொளையெல்லாம் மொதல்ல புடுங்கச் சொல்லுங்க," என்கிறாள்.