நாற்பது நிமிடம்

கடலுக்கு அப்பால் ஓர் அணு உலை வெடித்திருக்கிறது. செய்தி உறுதியாகி, நார்வே வடகரையின் வானிலை அறைக்கு வந்து சேர்வதற்குள் நாற்பது நிமிடம் ஓடிவிட்டது. காலை வெளிச்சம் மேசைமீது சாம்பலாய்ப் படிந்திருக்கிறது. பணியில் இருக்கும் சுன்னீவா வரைபடத்தில் கதிர்வீச்சு மேகத்தைச் சுற்றிக் கோடு இழுத்து, விமானங்களுக்கெல்லாம் எச்சரிக்கை அனுப்பிவிட்டாள். ஆனால் ஒரு சிறு விமானம் அதற்கு முன்பே அந்த மேகத்துக்குள் புகுந்து வந்து தீவில் இறங்கிவிட்டது. அங்கே தரைப்பணி பார்க்கும் எய்லிவ் தொலைபேசியில் இருக்கிறான். அவனுக்குப் பின்னால் தகரக் கூரையில் மழை சடசடக்கிறது. “அந்த விமானத்தைத் தொடாதே, எய்லிவ்.” “என்ன தாயே, இப்ப வந்து சொல்றே? பெட்டியெல்லாம் இறக்கி, றெக்கையத் துடைச்சும் ஆச்சு.” “கையுறை போட்டிருந்தியா?” “மே மாசத்துல எவன் போடுவான்?” என்று சிரிக்கிறான். அவள் விஷயத்தைச் சொல்கிறாள். சிரிப்பு நின்றுவிடுகிறது. “பயணிங்க எங்க?” “பதினோரு பேரும் மழையில நனைஞ்சுக்கிட்டே வீட்டுக்குப் போயிட்டாங்க.” “சரி, நீ துணியைக் கழட்டிப் பையில போட்டுக் கட்டு. சோப்புப் போட்டுக் குளி.” “குளிச்சா போயிடுமா?” “மேல பட்டது போயிடும்.” “மூச்சுல போனது?” சுன்னீவா ரிசீவரைக் காதோடு இறுக்கிக்கொள்கிறாள். எதிரே திரையில் மற்ற விமானங்கள் ஒவ்வொன்றாக, அவள் இழுத்த கோட்டைத் தொடாமல் ஒதுங்கிப் போய்க்கொண்டிருக்கின்றன.