விருமாண்டி போட்ட பந்தல்

"எங்க வம்சத்துல ஆம்பளப் புள்ள பொறந்தா, அது எங்களுக்குச் சொந்தமில்ல தாயி. பாரத மாதாவுக்குச் சொந்தம்!"

விருமாண்டி நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். அடுப்படியிலிருந்து அவர் மனைவி செல்லத்தாயின் குரல் வந்தது.

"பாரத மாதாவா வந்து பேறுகாலம் பாத்தா?"

கிராம சேவிகா வசுந்தரா சிரிப்பை அடக்கிக்கொண்டு பேனாவைத் திறந்தாள்.

வாடிப்பட்டிப் பக்கத்துக் கிராமங்கள் எல்லாம் சேர்ந்து சுதந்திர வெள்ளி விழா கொண்டாடுவதாக ஏற்பாடு. பட்டாளத்துக்கு அதிகப் பிள்ளைகளைக் கொடுத்த தகப்பன் கொடியேற்றட்டும் என்று விழாக் கமிட்டி முடிவு செய்திருந்தது. விருமாண்டிக்கு மூன்று மகன்கள். மூன்று பேரும் பட்டாளத்தில். பக்கத்து ஊர்ச் சிவனாண்டிக்கும் அப்படியே மூன்று பேர். கயிறு ஒன்றுதான். எனவே, பிள்ளைகளை யார் மனமுவந்து வழியனுப்பினார் என்று விசாரித்து எழுதும் பொறுப்பு வசுந்தராவின் தலையில் விழுந்தது.

போன வருஷம் கோயில் திருவிழாவில் முதல் மரியாதை கைநழுவிப் போனதிலிருந்து, விருமாண்டி இந்தக் கொடிக் கயிற்றின் மேல்தான் உயிரை வைத்திருந்தார்.

"சிவனாண்டி என்னத்தச் சொன்னான்?" குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"மூணு பேருக்கும் கட்டுச்சோறு கட்டிக் கொடுத்து, பஸ் ஏத்திவிட்டாராம்."

"அம்புட்டுத்தானா?" விருமாண்டி முகம் மலர்ந்துவிட்டது. "எழுதிக்கங்க. என் மூத்தவன் மொக்கையன் பட்டாளத்துக்குப் போன அன்னிக்கு, வாசல அடைச்சுப் பந்தல். வாழ மரம். மேளம். ஊருக்கே சோறு!"

வசுந்தராவின் பேனா நின்றது. "பட்டாளத்துக்குப் போனதுக்கா?"

"ரெண்டாவது, முத்திருளன் போன அன்னிக்கும் பந்தல். கடைசிப் பய சோணைக்கு மைக் செட்டே வச்சேன். போதுமா?"

மோர்ச் செம்புடன் வந்த பெண்ணொருத்தி குபுக்கென்று சிரித்துவிட்டாள். விருமாண்டி முறைத்தார்.

"தங்கச்சி மக, ஜெயக்கொடி. எதுக்கெடுத்தாலும் சிரிக்கும். நீங்க எழுதுங்க."

வசுந்தரா மதுரை டவுனில் பிறந்து வளர்ந்தவள். பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பும் வீட்டில் அழுகைச் சத்தம்தான் கேட்டிருக்கிறாள். மேளச் சத்தம் கேட்டதில்லை. இருக்குமா? எட்டிப் பார்த்துக்கொண்டு நின்ற அடுத்த வீட்டு ராமக்காளைக் கூப்பிட்டாள்.

"பந்தல் போட்டது நிஜந்தானாம்மா?"

"போட்டாக தாயி. மூணு தடவையும் போட்டாக. ஊரே உக்காந்து சாப்புட்டோம். ரெண்டாவது பந்தல்லதான் பாயாசம் நல்லாருந்துச்சு."

"ஊர்க்காரங்க நீங்க ஏதாவது செஞ்சீங்களா?"

"செய்யாம இருப்பமா? ஆளுக்கு ஒண்ணு, அண்டா, குடம், குத்துவெளக்குன்னு…"

"பட்டாளத்துக்கு அண்டாவா?"

ராமக்காள் திருதிருவென்று விழித்தாள். விருமாண்டி முந்திக்கொண்டார்.

"அங்க ஆயிரம் பேருக்குப் பொங்குறாகள்ல? சனங்களுக்கு அம்புட்டுப் பாசம். ஆனா ஒண்ணையும் நான் வச்சுக்கிடல தாயி. மூணு தடவையும் வீடு வீடாத் திருப்பிக் குடுத்துட்டேன். நாட்டுக்குப் புள்ளயக் குடுத்துட்டு, அதுக்குக் கூலியா அண்டா வாங்கிக்கிறதா?"

வசுந்தராவுக்கு மெய் சிலிர்த்தது. வேகமாக எழுதினாள்.

"பசங்க சந்தோஷமாச் சாப்பிட்டுக் கிளம்பினாங்களா?"

"அவிங்க எங்க சாப்புட்டாய்ங்க?" என்றாள் செல்லத்தாய், அடுப்படியிலிருந்தே. "கோழி கூப்புடவே மொத பஸ்ஸ ஏறிட்டாய்ங்க. மூணு பேரும் அப்படித்தான்."

"இவ்வளவு ஏற்பாடு செஞ்சும் பந்தியில அவங்க இல்லையா?"

"கடமன்னு வந்துட்டா வயித்தப் பாக்க முடியுமா தாயி?" என்ற விருமாண்டி, துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உள்ளே ஒரு பாத்திரம் வேண்டுமென்றே கீழே வைக்கப்பட்ட சத்தம் கேட்டது.

ஆகஸ்டு பதினைந்து. விருமாண்டி புதுப் பட்டுத் துண்டும் பெரிய தலைப்பாகையுமாகக் கொடிக்கம்பத்தடியில் நின்றார். கமிட்டித் தலைவர் வசுந்தராவின் அறிக்கையை மைக்கில் படித்தார். "ஒரு முறை அல்ல, மும்முறை பந்தலிட்டு, மேளம் முழங்க, ஊர் கூடி அளித்த பரிசுகளையும் துறந்து…" விருமாண்டியின் ஊர்க்காரர்கள் விழுந்து விழுந்து கை தட்டினார்கள். சிலருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. சிவனாண்டியும் தட்டினார், கட்டுச்சோற்றோடு நிறுத்திக்கொண்டோமே என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

கயிறு இழுபட்டது. கொடி விரிந்து, விருமாண்டியின் தலைப்பாகை மேல் பூக்கள் கொட்டின.

பெண்கள் வரிசையில் ஜெயக்கொடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். பக்கத்தில் நின்ற வசுந்தராவுக்குக் கோபமே வந்துவிட்டது.

"இதுல சிரிக்க என்ன இருக்கு? பெத்த பிள்ளைங்களை மூணு தடவை பந்தல் போட்டு அனுப்பி வைக்க எத்தனை பேருக்கு மனசு வரும்?"

"அக்கா, அந்தப் பந்தல் மூணும் என் கல்யாணத்துக்குப் போட்டது," என்றாள் ஜெயக்கொடி. "மூணாவது மாப்பிள்ளைக்குப் பஸ்ஸுக்குக் காசு குடுத்து ஏத்திவிட்டது நான்தான்."