நான்கு எலுமிச்சம்பழங்கள்

பதினோரு வருடமாக ஓடாத அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை ஞானசீலன் குனிந்து குனிந்து பார்த்தார். இளவயதிலிருந்து ஆசைப்பட்ட வண்டி. துருவே இல்லை. பானெட்டைத் திறந்தால் என்ஜினும் இல்லை. ஆனால் நான்கு சக்கரங்களுக்கு முன்னாலும், புது வண்டிக்கு வைப்பதுபோல, முழு எலுமிச்சம்பழங்கள் இருந்தன.

“இது எதுக்கும்மா?”

“யாராவது விலை கேட்டு வந்தா வைப்பேன் சார்,” என்றாள், வண்டியை வைத்திருந்த கணவர் இறந்தபின் அதை விற்கத் தவிக்கும் திலகவதி. “வேணாம்னுட்டுப் போயிடுவாங்க. அப்புறம் வந்து பார்த்தா நாலும் நசுங்கிக் கிடக்கும்.”

ஞானசீலன் சிரித்துவிட்டார். “என்ஜின் இல்லாத வண்டி எனக்கும் வேணாம்மா.”

கேட்டைத் தாண்டினார். பின்னால் எந்தச் சத்தமும் இல்லை. எலுமிச்சை வாசனை மட்டும் குப்பென்று எழுந்தது. தெருமுனை திரும்பிய பிறகும் அது அவருக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது.