பௌர்ணமி விதி

"அந்தக் கம்ப்யூட்டரு மாறனுக்கு மாமன் மச்சான் மொறை போலடா."

"மச்சான் இல்லடா, மாமனாரு. இல்லன்னா மாப்ளைக்கு இவ்ளோ சலுகை குடுக்குமா?"

வேனுக்கு அந்தப் பக்கம் சிரிப்பு. இந்தப் பக்கம் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த சிந்துஜாவுக்குக் காது சூடாகிவிட்டது.

முதலில் பேசியது பலராமன். மாமனார் ஆக்கியது தசரதன். இருவரும் கோதண்டராமனின் வேன் கம்பெனியில் டிரைவர்கள். அவர்கள் கேலி செய்த கம்ப்யூட்டர் கணக்கு, அவள் எழுதியது.

வேன் முன்பதிவுகள் வந்து சேர்வது இணையத்தில் ஒரு கிளவுடில். டிரைவர்கள் போனில் பதிகிற விடுப்பு இன்னொரு கிளவுடில். இரண்டையும் இணைத்து, எந்த நாளில் யார் வண்டி எடுப்பது என்று அவளுடைய கணக்கு சொல்லும். சாதாரண நாளுக்கு ஒரு விதி, முகூர்த்த நாளுக்கு ஒரு விதி. கிரிவலக் கூட்டம் அலைமோதும் பௌர்ணமிக்குத் தனி விதி: மூன்று பௌர்ணமிக்கு ஒன்றுதான் ஒருவருக்கு விடுப்பு.

ஆனால் இன்னொரு டிரைவரான மாறனுக்கு மட்டும் கடந்த மூன்று பௌர்ணமியும் விடுப்பு வந்திருந்தது.

"பதினோரு மணிக்கு எல்லாரையும் வெச்சு டிவில போட்டுக் காட்டும்மா," என்று முதலாளி சொல்லியிருந்தார். "கணக்குல தப்புன்னா எனக்குப் பழைய நோட்டே போதும்."

படிப்பு முடிந்து அவள் தனியாக எடுத்துச் செய்த முதல் வேலை அது.

விதியை நான்கு முறை சரிபார்த்தாள். ஒரு பிசகும் இல்லை. அப்போதுதான் தோன்றியது. டிரைவர்கள் விடுப்பை மாற்றிக்கொள்ள போனில் வழி உண்டு. யார் மாற்றினார்கள் என்பது அந்தக் கிளவுடிலேயே தங்கிவிடும், பட்டியலுக்கு வராது. அதையும் இழுத்துவந்து, பட்டியலின் வலது ஓரத்தில் கடைசிப் பத்தியாகச் சேர்த்தாள்.

வேன்கள் நிற்கும் அந்த ஷெட்டில் நெட் நடக்கும், ஓடாது. போன மாதத்துப் பதிவு மட்டும் முதலில் வந்தது.

மாற்றியவர்: பலராமன்.

தன் விடுப்பை மாறனுக்குக் கொடுத்துவிட்டு, அன்றைக்கு வண்டி எடுத்தவர் அவர்தான்.

சிந்துஜா தயங்கித் தயங்கிப் போய் அவரைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அண்ணா, நீங்களே குடுத்துட்டு நீங்களே கேலி பண்றீங்க?"

பலராமன் அக்கம்பக்கம் பார்த்தார். "மெதுவா பேசும்மா. கேலி பண்ணலன்னா என் மேல சந்தேகம் வந்துடும்ல?"

"எதுக்குண்ணா ஒளிக்கணும்?"

"அவன் பொண்டாட்டி பௌர்ணமிக்குப் பௌர்ணமி அடி அண்ணாமலையில டிபன் கடை போடுது. இப்ப கைக்கொழந்தை வேற. ஒருத்தியா இன்னா பண்ணும்? போன வருஷமே, நீ போடா, உன் வண்டிய நான் எடுக்கறேன்னேன். எனக்கு எவனும் பிச்சை போட வேணாம்னு ஒரு வாரம் மூஞ்சியைத் திருப்பிக்கினான். மனுஷன் குடுத்தா வாங்க மாட்டான்மா. கம்ப்யூட்டர் குடுத்தா வாங்கிக்கறான்."

"முதல் மாசம் அவரோட சொந்த முறை. ரெண்டாவது மாசம்?"

"அது நெஜமாவே உன் கம்ப்யூட்டரு குடுத்ததுதான். அதைப் பாத்துதான் எனக்கு இந்த யோசனையே வந்துச்சு. தசரதன் காதுல மட்டும் போட்டுடாதம்மா. அவன் வாய்ல விழுந்தா எழுந்திரிக்க முடியாது."

பதினோரு மணிக்கு எல்லாரும் டிவி முன்னால் கூடிவிட்டார்கள்.

"சொல்லும்மா," என்றார் கோதண்டராமன். "தப்பு கம்ப்யூட்டர் மேலயா, ஆளுங்க மேலயா?"

டிவி வயரைச் செருகி, அந்தக் கடைசிப் பத்தியைக் காட்டினால் போதும். தன் கணக்கில் குற்றமில்லை என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

மாறன் முன்னால் வந்தான். "தப்புன்னா திருத்திடும்மா. ஓசியில எனக்கு எதுவும் வேணாம்."

சிந்துஜா எழுந்து நின்றாள். இத்தனை பேர் முன்னால் அவள் பேசியதே இல்லை.

"தப்பு என்னோடதுதான் சார். விதி ஒண்ணு விட்டுப்போச்சு. பௌர்ணமிக்கு வர முடியாதவங்க, அந்த மாசம் ரெண்டு ஞாயித்துக்கிழமை கூடுதலா வரணும்னு சேர்த்திருக்கணும்."

"ஞாயித்துக்கிழமையா?" முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். "பௌர்ணமிக்குக்கூட வெளியாளு கிடைப்பான். ஞாயித்துக்கிழமைக்குத்தான் ஒருத்தனும் சிக்க மாட்டேங்கறான். எவன் வருவான்?"

"நான் வர்றேன் சார்," என்றான் மாறன். "விட்டுப்போன மாசத்துக்கும் சேர்த்தே வர்றேன்."

"மத்தவங்களுக்கு சம்மதமா?"

"சம்மதம்," என்றார்கள் பலராமனும் தசரதனும் ஒரே மூச்சில். சொல்லிவிட்டு ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டார்கள்.

"உனக்கு இன்னாடா அவ்ளோ அவசரம்?"

"உனக்கு இன்னாடா?"

கோதண்டராமன் சிரித்துவிட்டார். "சரிம்மா, அந்த விதியைச் சேர்த்துடு. நோட்டைத் தேடற வேலை எனக்கு மிச்சம். முதல் தடவைங்கறதால விடறேன். இனிமே எதையும் விட்டுடாத."

"சரிங்க சார்."

புதிய விதியைத் தட்டி முடித்தபோது, பட்டியலில் மீதிப் பதிவும் வந்து சேர்ந்திருந்தது. புதிய பட்டியலைக் காட்ட டிவிக்கான வயரைச் செருகுவதற்கு முன்னால், கடைசிப் பத்தியில் போன மாதத்துக்கு நேரே இருந்த 'பலராமன்' என்ற பெயரையும், அதற்கு முந்தின மாதத்துக்கு நேரே இருந்த 'தசரதன்' என்ற பெயரையும் சிந்துஜா நீக்கினாள்.